கோதண்டத்தின் ‘முன்’ படம்

கோதண்டம் செய்த ஒரே தப்பு, பிளாட்பாரத்தை விட்டு இல்லத்துக்கு வந்த அன்று குளித்துவிட்டு வந்ததுதான்.

குளித்ததோடு நின்றிருந்தால்கூட மன்னித்திருக்கலாம். சவரம் வேறு செய்திருந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து, நேர் வகிடு எடுத்து, பிளாட்பாரத்தில் பக்கத்துப் படுக்கை அசோகனிடம் இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டையை இஸ்திரி வண்டியில் கொடுத்துத் தேய்த்து மாட்டியிருந்தான். எல்லாம் அவன் மனைவி வரலட்சுமியின் ஏற்பாடு. “தங்க எடம் கேட்டுப் போற. கலீஜா போய் நின்னா எவன்யா சேத்துப்பான்?” என்று ராயபுரம் பாலத்தடிப் பைப்பில் அவனை உட்காரவைத்து, மீனுக்குச் செதில் எடுக்கிற வேகத்தில் முதுகைத் தேய்த்து அனுப்பினாள். இடம் கேட்டுப் போகிறவன் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவான். இது ஏழைகள் எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு உதவப் புறப்படுகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

திருவொற்றியூர் ‘பெத்தானியா புதுவாசல் இல்ல’த்தில் சேர வருகிறவனை முதல் நாளே வாசலில் நிறுத்தி ‘முன்’ படம் எடுப்பார்கள். ஆள் தேறிய பிறகு அதே வாசலில் ‘பின்’ படம். அலுவலகம் பார்க்கும் ஷிஜி கோதண்டத்தையும் அப்படித்தான் எடுத்து வைத்திருந்தாள். இரண்டும் பக்கம் பக்கமாகப் பெரிய திரையில் விழுந்தபோதுதான் விபரீதம் புரிந்தது.

‘முன்’னில் பெண் பார்க்கப் புறப்பட்டவன் மாதிரி ஒருத்தன் சிரித்துக்கொண்டு நின்றான். ‘பின்’னில் ஒட்ட வெட்டிய தலை, விடியற்கால ஜெபத்தால் கண்ணுக்குக் கீழே இரண்டு பை, இல்லத்துக் கஞ்சியால் வந்த தொந்தி, அந்தத் தொந்திமேல் ‘நான் மீட்கப்பட்டவன்’ என்று அச்சடித்த மஞ்சள் பனியன்.

திரைக்கு எதிரே அலெக்ஸாண்டர் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுச் சபைகள் அனுப்பும் காணிக்கையால் மனிதர்கள் எவ்வளவு மாறினார்கள் என்று அளந்து சொல்ல பெங்களூரிலிருந்து வந்தவர். அளக்கிற கருவி அவர் மடியில் இருந்தது. படத்தைக் காட்டினால் டேப்லெட்டே மார்க் போட்டுவிடும்.

“சார், இவர் மைனஸ்ல போறார்,” என்றார் அலெக்ஸாண்டர். “நல்லா வந்த மனுஷன் உங்ககிட்ட இருந்து மோசமாயிட்டார்னு சாஃப்ட்வேர் சொல்லுது. நான் சொல்லல. நான் எதையும் சொல்றதில்ல. அதுதான் என் வேலையே.”

இல்லத்தின் ஸ்தாபகர் ஞானதுரை அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தம்பிமார் பாத்திரக்கடையைப் பார்த்துக்கொள்ள, இவர் ஆத்துமாக்களைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர். மழை நாளில் வேனை எடுத்துக்கொண்டு போய் நனைந்து கிடப்பவர்களை அள்ளிக்கொண்டு வருவார். வாயைத் திறந்தால்தான் கஷ்டம். காலையில் அலெக்ஸாண்டருக்கு மாலை போட்டு அவர் பேசிய வரவேற்புரை இது:

“அன்பானவர்களே! இந்த ஊழியத்தை நாங்கள் தொடங்கினபோது எங்களிடம் இருந்த வீடற்றவர்கள் பன்னிரண்டே பேர். ஒரு வேனுக்குக்கூடப் போதாது! ஆனால் கிருபையைப் பாருங்கள், இன்றைக்கு இரண்டு ஹால் நிரம்பி வராண்டாவிலும் படுத்திருக்கிறார்கள். வீடற்றவர்களை ஐந்நூறாகப் பெருக்க வேண்டும் என்பதே அடுத்த ஆண்டுக்கான எங்கள் தரிசனம். எத்தனையோ பேர் எங்களிடம், ‘அண்ணே, நாங்க வீட்டுக்குப் போறோம்’ என்று கேட்டார்கள். நாங்கள் விடவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டால் வீடற்றோர் ஊழியத்தை யாருக்குச் செய்வது?”

எல்லாரும் கைதட்டினார்கள். கோதண்டமும் தட்டினான். கைதட்டாவிட்டால் மார்க் குறையும்.

பைபிளில் இஸ்ரவேலர் அடிமைத்தனத்தை விட்டு நடந்த வழிப்படி இல்லத்தில் ஐந்து படிகள். வந்ததும் எகிப்து. பிறகு செங்கடல், வனாந்தரம், யோர்தான், கடைசியில் கானான். பழைய கயிற்றுக் கிடங்கைத் தடுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். கானானுக்கு மட்டும் ஏர்கூலர் உண்டு. அதில் இதுவரை எந்தக் குடியிருப்பாளனும் நுழைந்ததில்லை. விருந்தினர் அறை அதுதான். இப்போது அலெக்ஸாண்டரின் பெட்டி அங்கே இருந்தது. கோதண்டம் வனாந்தரத்தில் கிடந்தான், மூத்திர அறைக்கு அடுத்த கட்டில்.

“எப்பண்ணே கானானு?” என்று ஒரு தரம் கேட்டான்.

“இஸ்ரவேலருக்கே நாப்பது வருஷம் ஆச்சுடே. உனக்கு என்ன அவசரம்?” என்றார் ஞானதுரை.

அவனுக்கு அவசரம் இருந்தது. கத்திவாக்கத்தில் அவர்கள் குடியிருந்த வாடகைக் குடிசையில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது, மீதியை ரோடு எடுத்துக்கொண்டது. ஹார்பரில் கன்டெய்னர் கட்டுகிற வேலையும் அதே மாதம் போயிற்று. இல்லம் ஆண்களுக்கு மட்டும். வரலட்சுமி காசிமேட்டில் சிநேகிதி மலிகாவோடு சேர்ந்து மீன் வறுத்து விற்றாள். இரவில் மலிகா வீட்டுச் சமையலறையில், காலை நீட்டினால் கிரைண்டர் இடிக்கிற இடத்தில் படுத்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கூரையின் கீழே சோறு தின்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் அவளே ஓர் அறை பிடித்துவிட்டாள். காசிமேட்டுச் சந்தில், சௌக்கத் அலி பாய் வீட்டு மாடியில். பாய்க்கு ஒரே ஒரு நிபந்தனை. “போன தபா இருந்தவன் ஃபேனக் கழட்டினு பூட்டான். ஃபேனு போனா போவுதுன்னா, பைப்பையும் கழட்டினு பூட்டான். அதனால யாராச்சும் ஒரு பெரிய மனுசன் வந்து ‘ஆளு நல்லவன்’னு ஒரே ஒரு வார்த்த சொல்லட்டும், சாவி தரேன். வெள்ளிக்கெழம சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்றதுக்குள்ள வா. அப்பால வேற பார்ட்டி மூட்டையோட வருது, பெயின்ட் அடிக்கிற வடக்கத்திப் பசங்க.”

கோதண்டத்துக்குத் தெரிந்த பெரிய மனிதர் ஞானதுரை அண்ணன் ஒருவர்தான். “மதிப்பீடு நல்லபடியா முடியட்டும்டே. வேன்லயே வந்து சொல்லுதேன்,” என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

இன்று வெள்ளிக்கிழமை. மதிப்பீடு மைனஸில் நின்றது.

“படத்தை மாத்தி வச்சிட்டா என்ன அண்ணே?” என்று காதோரம் கேட்டாள் ஷிஜி. “இதை முன்னால, அதைப் பின்னால.”

“பனியன்ல ‘நான் மீட்கப்பட்டவன்’னு எழுதியிருக்கேம்மா. மீட்கப்பட்டவன் அப்புறமா பிளாட்பாரத்துக்குப் போனான்னு ஆயிரும்லா?”

ஞானதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு அலெக்ஸாண்டரிடம் திரும்பினார். அது தவறான படம், அசல் பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது, தேடி எடுக்க மத்தியானம் வரை நேரம் வேண்டும் என்றார். “நோ ப்ராப்ளம். எனக்கு மத்தியானம் இன்னொரு இல்லம் இருக்கு. சாயங்காலம் வர்றேன்,” என்று அலெக்ஸாண்டர் காரில் ஏறினார்.

கார் கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், ஞானதுரை கோதண்டத்தின் தோளில் கை போட்டார். “ஏடே, இன்னைக்கு ஒரு அரை மணி நேரம் நீ பழையபடி ஆகணும்.”

“பழையபடின்னா?”

“கெட்டுப்போயிருந்தேல்லா, அதுமாதிரி.”

“நான் கெட்டுப்போவலியேண்ணே. வூடுதான் பூட்ச்சி.”

இந்தப் பதிலால் ஞானதுரை முன்பும் கஷ்டப்பட்டிருக்கிறார். ஞாயிறுதோறும் ஒருவன் எழுந்து தன் பழைய பாவத்தைச் சொல்லிச் சாட்சி கொடுக்க வேண்டும். கோதண்டத்தின் முறை வந்தபோது சொல்வதற்கு அவனிடம் ஒன்றுமே இல்லை. குடிக்க மாட்டான், வாசனை ஆகாது. சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. ‘ஒரு பாவமும் இல்லாமல் எப்படிடே சாட்சி சொல்லுவே?’ என்று பதறிப்போய், எகிப்து ஹாலில் தேவைக்கு அதிகமாகப் பாவம் வைத்திருந்த ஒருவரிடமிருந்து கொஞ்சம் குடியை எடுத்து இவனுக்குக் கொடுத்தார்கள். கோதண்டம் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தான். சபை அழுதது. இரவல் பாவம் என்றாலும் அவனுக்கும் ஒரு துளி வந்தது.

கந்தல் சட்டைக்கு இல்லம் முழுக்கத் தேடினார்கள், கிடைக்கவில்லை. தானமாக வந்ததெல்லாம் பனி தேசத்துக் கோட்டுகள். ஒரு நல்ல சட்டையைத் தையல் வகுப்பில் கொடுத்துக் கிழித்துத் தரச் சொன்னார்கள். வகுப்பார் கிழித்தார்கள், தொழில் பக்தியில் கிழிசலின் ஓரங்களை மடித்துத் தைத்தும் கொடுத்தார்கள். வேனின் சக்கர அச்சில் விரலை விட்டுக் கிரீஸ் எடுத்து ஷிஜி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டாள். சாம்பலுக்குப் பஞ்சமில்லை, எண்ணூர் அனல்மின் நிலையத்துக் காற்று ஜன்னல் விளிம்பில் தினமும் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகிறது.

ராயபுரம் பாலத்தடியில் வேன் நின்றது. கோதண்டம் இறங்கியதும் அசோகன் அடுப்பை விட்டு எழுந்து ஓடிவந்தான்.

“அட, மாமு! இன்னா மாமு இது? நல்லாத்தான போன? உள்ள வச்சி இன்னா பண்ணாங்கோ உன்ன?”

“ஒண்ணியும் இல்ல நைனா. படம் புடிக்கிறாங்க.”

“சினிமாவா?”

“இல்லபா. நான் கெட்டுப்போன படம்.”

“நீ எப்ப மாமு கெட்டுப்போன?”

“இனிமேதான்.”

ஷிஜி அவனைச் சுவரோரம் உட்காரவைத்து முகத்தில் கிரீஸ் தடவினாள். கேமராவை எடுத்துத் திரும்புவதற்குள் அசோகன் ஈரத்துண்டால் துடைத்துவிட்டான். மறுபடி தடவினாள். இந்த முறை பக்கத்துக் குடித்தனக்காரி ஒருத்தி சீயக்காய்ப் பாக்கெட்டோடு வந்துவிட்டாள். “ஏம்மா, பார்த்தா படிச்ச பொண்ணாட்டம் கீற. பாவம், மனுசன் மூஞ்சில கரி பூசுறியே, உனுக்கு இன்னாம்மா கெடுதி பண்ணாரு?”

“ஆன்ட்டி, இது அவரோட நல்லதுக்கு.”

“எங்க வூட்டுக்காரரும் அதான் சொல்லுவாரு, அட்சிட்டு.”

மூன்றாம் முறை தடவியபோது தெருவே கூடிவிட்டது. ஒருவன் டீ வாங்கிவந்தான், ஒருத்தி சீப்பு கொடுத்தாள். ஓர் ஆளை அசிங்கப்படுத்துவது இவ்வளவு கடினமான வேலை என்று ஞானதுரை அண்ணன் நினைத்துப் பார்த்ததே இல்லை. கடைசியில் அவர் ஒரு பெட்டி பிஸ்கட்டைக் காட்டிக் கூட்டத்தைத் தூணுக்கு அந்தப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். ஷிஜி மிச்சமிருந்த கிரீஸில் பாதியை ஒரே அப்பாக அப்பினாள். வேனில் விட்டுவந்த பேட்டரியை எடுக்க ஓடினாள்.

கோதண்டம் தனியாக உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து வடக்கிலிருந்து ஒரு வெள்ளை வேன் ஒலிபெருக்கியில் பாட்டோடு வந்தது.

அது எர்ணாவூர் ‘அடைக்கலப் பட்டணம்’ இல்லத்தின் வேன். நடத்துகிறவர் சகோதரி தேவகிருபை. முன்சீட்டில், டேப்லெட்டும் கையுமாக அலெக்ஸாண்டர். அவர் சொன்ன ‘இன்னொரு இல்லம்’ இதுதான். ‘படம் என்னத்துக்கு சார்? உங்க கண்ணு முன்னால ஒரு ஆளை நேரடியா மீட்டுக் காட்டுறேன்’ என்று சகோதரி அவரை அழைத்து வந்திருந்தார். ஆனால் பாலத்தடியில் யாரும் மீட்கப்படுகிற தோற்றத்தில் இல்லை. ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் கண்ணாடி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தூணுக்குப் பின்னால் வரிசையில் நின்று மரியாதையாக பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மொத்த பிளாட்பாரத்திலும் அழுக்காக இருந்தது ஒரே ஒரு ஆள்.

“அதோ!” என்று கத்தினார் தேவகிருபை. “ஸ்தோத்திரம்! அதோ ஒரு ஆத்துமா!”

நீலப் பனியன் போட்ட நாலு பேர் குதித்து இறங்கிக் கோதண்டத்தைக் கையும் காலுமாகத் தூக்கினார்கள். ஒருவன் அந்தரத்திலேயே அவனுக்கு ‘முன்’ படம் எடுத்துவிட்டான்.

“யோவ், வுடுங்கய்யா! நான் ஏற்கெனவே மீட்ட ஆளுய்யா!”

“அப்படித்தான் பிரதர் எல்லாரும் சொல்லுவாங்க.”

வேன் கதவுக்குள் தலை போய்விட்டது. அதற்குள் பிஸ்கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஞானதுரை கால்களைப் பிடித்துக்கொண்டார். “அம்மா, விடுங்க! இவன் எங்க ஆத்துமா!”

“ரோட்டுல கிடந்தவன் எப்படி பிரதர் உங்க ஆத்துமா? பேர் எழுதியிருக்கா?”

“இருந்துச்சு. பனியனை இப்பதான் கழட்டினோம்.”

“இத்தனை நாள் வச்சிருந்து இந்தக் கோலத்துலயா வெளிய விட்டீங்க? பார்த்தீங்களா மிஸ்டர் அலெக்ஸாண்டர்?”

ஞானதுரைக்கு அது தாங்கவில்லை. இவர் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார். சகோதரி தலையைப் பிடித்துக்கொண்டு அதைவிட உரக்க ஜெபித்தார். இரண்டு ஜெபத்துக்கும் பொதுவான பொருள், எதிராளிக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்பது. நடுவே கோதண்டம், ரயில் பாதைக்குக் குறுக்கே போட்ட கட்டை மாதிரி, ஒரு பக்கமும் சாய முடியாமல் கிடந்தான். பாலத்தடி ஜனம் பிஸ்கட்டை மென்றுகொண்டு வேடிக்கை பார்த்தது.

அலெக்ஸாண்டர் இறங்கிவந்து டேப்லெட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். அது ‘டிங்’ என்றது. அவர் முகம் மலர்ந்தது.

“வெரி இன்ட்ரெஸ்டிங்! அதே ஆள்தான். இப்ப சகோதரி எடுத்த ‘முன்’னையும், காலையில நீங்க காட்டின ‘பின்’னையும் சேர்த்தா ஸ்கோர் எங்கயோ போகுது. இந்தப் பிராந்தியத்துலயே இவ்வளவு பெரிய மாற்றம் யாருக்கும் ஏற்பட்டதில்ல.” கொஞ்சம் யோசித்தார். “ஒரே சிக்கல், ‘பின்’ காலையில நடந்திருக்கு, ‘முன்’ மத்தியானம் நடந்திருக்கு. அதை அடிக்குறிப்புல சமாளிச்சுக்கலாம்.”

“அப்போ மார்க் யாருக்கு?” என்று இரண்டு தலைவர்களும் ஒரே குரலில் கேட்டார்கள். அன்று அவர்கள் ஒன்றுபட்டது அந்த ஒரு தடவைதான்.

“கூட்டு முயற்சி. திங்கள், புதன், வெள்ளி அங்க இருக்கட்டும். செவ்வாய், வியாழன், சனி இங்க.”

“ஞாயித்துக்கிழமை?” மறுபடி ஜெபம் ஆரம்பமாகிவிடும் போலிருந்தது.

“சார்,” என்றான் கோதண்டம், கிடந்தபடியே. “ஞாயித்திக்கெழம நான் எங்க வூட்ல கீறேன் சார். எனுக்கு ரூம் கெடச்சிகீது. எங்க வூட்டுக்காரி பாத்து வச்சிகீறா. அண்ணன் வந்து ஒரு வார்த்த சொன்னா சாவி குடுத்துருவாங்க.”

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். கிரீஸ் பூசியபோதுகூட யாரும் அவனை இப்படி ஒரு வருத்தத்தோடு பார்க்கவில்லை.

“ரூமா?” என்று அலெக்ஸாண்டர் டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளினார். “இருங்க, அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு. ஆங், ‘இழப்பு’. செத்துப்போனவங்க, ஓடிப்போனவங்க, ஜெயிலுக்குப் போனவங்க, வீட்டுக்குப் போனவங்க, எல்லாரும் இதுலதான் வருவாங்க.”

“வூட்டுக்குப் போறது நஷ்டமா சார்?”

“உங்களுக்குன்னு சொல்லல. புரோகிராமுக்கு. நீங்க மூணு வருஷம் இப்படியே இருந்தாத்தான் நாங்க உங்களுக்கு வீடு தேவைன்னு நிரூபிக்க முடியும்.”

கோதண்டம் வானத்தைப் பார்த்தான். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. காசிமேட்டில் பாய் இந்நேரம் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார். சந்து முனையில் பெயின்ட் பசங்கள் மூட்டையோடு வந்துகொண்டிருப்பார்கள். தன் வாழ்நாளில் ஒரே ஒரு தரம் அவன் வியாபாரம் பேசினான்.

“தோ பாருங்க. உங்க ரெண்டு பேர்ல யார் வந்து பாய்கிட்ட நான் நல்லவன்னு சொல்றாங்களோ, அவங்களுக்கு நான் முன்னா சொல்லுங்க, பின்னா சொல்லுங்க, எப்படி வேணா நிக்கிறேன். ஆனா இப்பவே வரணும்.”

கேட்ட மாத்திரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வேனுக்கு ஓடினார்கள். ஓடி என்ன பயன்? ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ரோடு முழுக்க வால் போட்டு நின்றன. அந்த வரிசையில் இஸ்ரவேலர் மாட்டியிருந்தால் நாற்பது வருஷம் பத்தியிருக்காது. சந்து சந்தாகப் புகுந்து போக ஷேர் ஆட்டோ ஒன்றுதான் கதி. ஒரே ஆட்டோதான் இருந்தது. பின்சீட்டில் ஞானதுரையும் தேவகிருபையும் ஷிஜியும் அலெக்ஸாண்டரும் நெருக்கி அமர, எதிர்ப் பலகையில் இரண்டு நீலப் பனியனும் மடியில் கிரீஸ் டப்பாவோடு கோதண்டமும். டிரைவர் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோவைக் குதிக்கவிட்டார். ஒவ்வொரு குதியிலும் கிரீஸ் ஒருவர் மேல் தெறித்தது. காசிமேடு வருவதற்குள் மதிப்பீட்டுக்காரர் உட்பட எல்லாருமே ‘முன்’ படத்துக்குத் தயாராகிவிட்டார்கள்.

சௌக்கத் அலி பாய் தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாடி அறையை வரலட்சுமி மத்தியானத்திலிருந்தே கழுவிக்கொண்டிருந்தாள்; சாவி வராவிட்டாலும் சுத்தமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று. படிக்கட்டு வழியாகத் தண்ணீர் வழிந்தது.

“இவங்கதானா அந்தப் பெரிய மனுசங்க?” பாய் எல்லாரையும் மேலும் கீழும் பார்த்தார். “மெக்கானிக் ஷாப்லேந்து வராங்களா? சரி, யாரு சொல்லப்போறது? சட்டுனு சொல்லுங்க, ஒரு வார்த்த.”

ஞானதுரை அண்ணன் முன்னால் வந்தார். அவர் உண்மையாகவே ஒரே வார்த்தை சொல்லத்தான் வந்தார். ஆனால் இருபது வருஷமாக ஒரு மனிதனை நல்லவன் என்று சொல்வதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முதலில் அவன் எவ்வளவு கெட்டவன் என்று சொல்ல வேண்டும்.

“பாய், இந்தக் கோதண்டத்தைப் பாருங்கள்! ஒரு காலத்தில் இவன் எப்படி இருந்தான்? குடி! காலையில் குடி, மாலையில் குடி!”

“இன்னாது?” என்றார் பாய்.

கோதண்டம் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். அண்ணன் கண்ணை மூடிவிட்டிருந்தார். கண்ணை மூடினால் அவரை நிறுத்த முடியாது. “கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் கழற்றி விற்றுக் குடித்தான்! ஒரு பைப்பை விட்டானா? ஒரு ஃபேனை விட்டானா?”

பாயின் கண்கள் தன் வீட்டுக் கூரையில் புதிதாக மாட்டியிருந்த ஃபேனுக்குப் போயின.

தேவகிருபை பொறுப்பாரா? ஆளை விட்டுக்கொடுத்தாலும் சாட்சியில் தோற்க முடியாது. “அது மட்டுமா பாய்? நான் இவனை எந்த நிலையில் கண்டேன்! கையில் கத்தி! கண்ணில் கொலைவெறி! ராயபுரமே நடுங்கினது!”

“கத்தியா?” ஷிஜி வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். “அது சீப்பு இல்லியா?”

சாட்சிகள் ஏறிக்கொண்டே போயின. தேவகிருபை இரண்டு ஜெயில் வைத்தார். ஞானதுரை மூன்று வைத்தார். கோதண்டம் திரும்பிப் பார்த்தான். சந்து முனையில் மூட்டையும் பெயின்ட் வாளியுமாக நாலைந்து பையன்கள் வந்து நின்று, மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அழுகை வந்தது. துடைக்கப் போனால் கிரீஸ் கண்ணில் பட்டு எரிந்தது. உலகத்தில் நல்லவன் என்று சொல்வதற்கு இரண்டு பேர் இப்படி அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தும், அவன் அறை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

படிக்கட்டில் துடைப்பத்தோடு வரலட்சுமி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“ஏம்மா,” என்றார் பாய் மெதுவாக. “இவங்க சொல்றதெல்லாம் நெஜமா? களவு, குடி, கத்தி, ஜெயிலு?”

வரலட்சுமி புருஷனை உச்சி முதல் கால்வரை ஒருமுறை பார்த்தாள். மடித்துத் தைத்த கிழிசல், கிரீஸ், நடுவில் இரண்டு கண்.

“இந்தாளா பாய்? பேரம் பேச வெக்கப்பட்டுகினு அழுகின தக்காளிய வாங்கினு வர்ற ஆளு பாய் இது. இவுருக்கு இவ்ளோ சாமர்த்தியம் இருந்துச்சின்னா, நாங்க ஏன் பாய் ரோட்டுக்கு வரோம்?”

முதலில் ஆட்டோ டிரைவர் சிரித்தார். பிறகு பெயின்ட் பசங்கள், மொழி புரியாமலே. பாய் சிரிக்கவில்லை. ஞானதுரையைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. கண்ணத் தெறந்துகினு சொல்லுங்க.”

ஞானதுரை அண்ணன் கண்ணைத் திறந்தார். எதிரே கோதண்டம் நின்றான். அவனை இவ்வளவு பக்கத்தில், மேடையும் மைக்கும் இல்லாமல் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

“போன மழைக்கு எங்க ஹால்ல ஒரு பெரியவருக்குச் சீதபேதி பாய்,” என்றார், பிரசங்கக் குரல் இல்லாமல், ஊர்க் குரலில். “நாங்கள்லாம் வெளியே நின்னு ஜெபிச்சோம். இவன் உள்ளே போய் அவருக்குக் கழுவிவிட்டான். நாலு நாளு. ஒருத்தரும் சொல்லல. நானும் படம் எடுக்கல.” பாயை நேராகப் பார்த்தார். “நல்லவன் பாய்.”

தேவகிருபை கூட ‘ஆமென்’ என்று மட்டும் சொன்னார்.

தூரத்தில் பாங்கு ஆரம்பித்தது. பாய் ஜிப்பாவிலிருந்து சாவியை எடுத்து வரலட்சுமியின் ஈரக் கையில் போட்டார். “ஆளக் குளிக்க வையிம்மா மொதல்ல,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். பெயின்ட் பசங்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார், மச்சான் வீட்டு மாடியில் இடம் இருக்கிறதாம்.

எல்லாரும் கலைந்தார்கள். போகும்போது ஞானதுரை கோதண்டத்தின் தோளில் தட்டினார். கையில் ஒட்டிய கிரீஸைத் தன் வெள்ளை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.

குளித்து முடித்து, மலிகா கொடுத்தனுப்பிய நெத்திலிக் குழம்பைத் தரையில் வைத்து இருவரும் உட்கார்ந்தார்கள். வரலட்சுமி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு பேரும் அந்தத் தாழ்ப்பாளைக் கொஞ்ச நேரம் டிவி பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

பிளாட்பாரத்தில் எவனும் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. இல்லத்தில் மணிதான் அடிக்கும். கோதண்டம் சோற்றுக் கையோடு நிமிர்ந்து, இரண்டு வருஷமாகக் கேட்க வாய்ப்பே வராத கேள்வியைக் கேட்டான்.

“யாரு?”

“நான்தான், அலெக்ஸாண்டர்.”

அந்தக் கேள்வி கோதண்டத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “யாரு?” என்றான் மறுபடியும்.

“அலெக்ஸாண்டர்ங்க. தாக்க மதிப்பீட்டு முதுநிலை ஆலோசகர்.”

“யாருங்க?”

“மத்தியானம் பார்த்தோமே! ரெண்டு இல்லத்துக்குமான ஒருங்கிணைந்த கள ஆய்வுத் தலைவர். ஒரே ஒரு ‘பின்’ படம் எடுத்துக்கிட்டா ‘இழப்பு’க் கட்டத்தை முடிச்சிடுவேன். கோதண்டம் இருக்காரா?”

வரலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். கோதண்டம் ஒரு நெத்திலியை எடுத்து அவள் தட்டில் வைத்தான். கதவைப் பார்த்து, வீட்டுக்காரன் குரலில் சொன்னான்:

“கோதண்டம் வூட்ல இல்லீங்க.”